எண்ணைத் தொடும் முன் வாய்பாட்டைப் பாருங்கள்: வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்வது எப்படி?

நீங்கள் கேட்டது இதுதான். பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள் வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்ய உட்கார்ந்தால், முன்னால் 2 போட்டுப் பார்க்கிறாள், 3 போட்டுப் பார்க்கிறாள், அழிக்கிறாள், மறுபடி போடுகிறாள். சில சமயம் வந்துவிடுகிறது. ஏன் வந்தது என்று அவளுக்கே தெரிவதில்லை. இதற்கு ஒழுங்கான வழி ஏதும் உண்டா, உண்மையில் இது எதற்கு?

வழி உண்டு. ஆனால் வழியைச் சொல்வதற்கு முன் வேறொன்றைச் சொல்ல வேண்டும். பல வருடங்களாக வேதியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். விடைத்தாள்களில் நான் பார்த்தவரை, கூட்டல் பெருக்கலில் தவறி மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் மிகக் குறைவு. தவறு அதற்கு முந்தின படியிலேயே நடந்து முடிந்திருக்கும். பொருளின் வாய்பாட்டை (நீருக்கு எச்2ஓ என்பது போல, எந்த அணு எத்தனை என்று காட்டும் குறியீட்டை) தப்பாக எழுதியிருப்பார்கள். அதன் பிறகு எந்த எண்ணைப் போட்டாலும் சமன்பாடு சரியாகாது. அல்லது இன்னும் மோசமாக, சமன் ஆகிவிடும். உலகத்தில் இல்லாத ஒரு பொருளுக்குச் சமன் ஆகியிருக்கும். உங்கள் மகள் அழித்து அழித்து எழுதுவதற்கும் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன்.

கீழே உள்ள சமன்பாடுகளில் பொருள்களின் பெயரையே எழுதுகிறேன். குறியீடுகளை அவள் தன் நோட்டில் போட்டுக்கொள்ளட்டும். அதுவே நல்ல பயிற்சி. பெயருக்கு முன்னால் இருக்கும் எண், அந்தப் பொருளில் எத்தனை மூலக்கூறு என்பதைச் சொல்கிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று எழுதினால் இரண்டிரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு என்று கொள்ளுங்கள்.

எல்லோரும் தொடங்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம். ஹைட்ரஜன் எரிந்து நீர் உண்டாகிறது.

ஹைட்ரஜன் + ஆக்சிஜன் → நீர்

இடது பக்கம் ஹைட்ரஜன் அணு 2, ஆக்சிஜன் அணு 2. வலது பக்கம் நீர் மூலக்கூறு ஒன்றில் ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1. ஓர் ஆக்சிஜன் குறைகிறது. இந்த இடத்தில் புதிதாகப் படிக்கும் பிள்ளையின் கை தானாகவே வலது பக்கம் போய், எச்2ஓ என்பதில் ஓ-வுக்குக் கீழே ஒரு 2 போட்டுவிடும். எண்ணிப் பார்த்தால் இருபுறமும் சரி! ஆனால் அங்கே இப்போது இருப்பது நீர் இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு. வெளுக்கப் பயன்படும் வேறொரு பொருள். கீழே போடும் எண் அந்தப் பொருள் எது என்பதையே சொல்வது; அதை மாற்றினால் பொருளே மாறிவிடும். முன்னால் போடும் எண், அதாவது கெழு, எவ்வளவு என்பதை மட்டும் சொல்வது. சமன் செய்யும்போது நம் கைக்கு அனுமதி உள்ள இடம் முன்பக்கம் ஒன்றுதான். (எண்ணை வாய்பாட்டின் நடுவில் செருகுகிற பிள்ளைகளும் உண்டு. அதுவும் இதே தவறுதான்.)

ஆக, நீருக்கு முன் 2. இப்போது ஆக்சிஜன் சரி, ஹைட்ரஜன் வலது பக்கம் 4 ஆகிவிட்டது. ஹைட்ரஜனுக்கு முன் 2.

2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 நீர்

இந்த ஒரு வரியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இடது பக்கம் மூன்று மூலக்கூறுகள், வலது பக்கம் இரண்டு. 'அப்போ இது சமன் இல்லையே' என்று நல்ல மாணவர்களே கேட்பார்கள். மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறலாம். அணுக்களின் எண்ணிக்கை மாறக் கூடாது. சிவப்பு, வெள்ளைப் பொத்தான்களை எடுத்துக்கொண்டு, இரண்டு வெள்ளைப் பொத்தான்களை நூலால் கட்டியது ஹைட்ரஜன், இரண்டு சிவப்பைக் கட்டியது ஆக்சிஜன் என்று வைத்து, முடிச்சை அவிழ்த்து வேறு மாதிரி கட்டச் சொல்லுங்கள். எத்தனை பொத்தான் எடுத்தாளோ அத்தனையும் கடைசியிலும் இருக்க வேண்டும். வேதிவினையில் நடப்பது அவ்வளவுதான்: பழைய முடிச்சு அவிழ்கிறது, புது முடிச்சு விழுகிறது.

எடையிலும் இதைப் பார்க்கலாம். 4 கிராம் ஹைட்ரஜன், 32 கிராம் ஆக்சிஜன், கிடைப்பது 36 கிராம் நீர். 'எதற்குச் சமன் செய்ய வேண்டும்' என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சமன் செய்யாத சமன்பாடு எது எதுவாக மாறுகிறது என்று மட்டும் சொல்லும். சமன் செய்தது எவ்வளவுக்கு எவ்வளவு என்றும் சொல்லும். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைச் சூடாக்கிச் சிதைத்தால் 56 கிராம் கால்சியம் ஆக்சைடும் 44 கிராம் கார்பன் டைஆக்சைடும் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடிவது அதனால்தான்.

அணுவைப் பற்றித் தெளிவு வருவதற்கு முன்பே இந்தக் கணக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1770களில் மூடிய கலத்துக்குள் உலோகத்தைச் சூடாக்கி, முன்னும் பின்னும் தராசில் நிறுத்து, மொத்த எடை மாறவில்லை என்று காட்டினார். 1789இல் வெளியான தன் நூலில், திராட்சைச் சாறு நொதிப்பதைப் பற்றி எழுதும்போது ஒரு பக்கம் சாறு, மறுபக்கம் ஆல்கஹாலும் கார்பானிக் அமிலமும் (இன்று நாம் கார்பன் டைஆக்சைடு என்பது) என்று வைத்து நடுவே சமக்குறி போட்டார். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமாக இருந்தே ஆக வேண்டும் என்ற துணிவு அந்தக் குறியில் இருக்கிறது.

ஆனால் நீரின் வாய்பாடு தெரிய இன்னும் நெடுநாள் பிடித்தது. அணுக்கொள்கையை முன்வைத்த டால்டன் நீரில் ஒரு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன் என்றே நினைத்தார். கேலுசாக் 1808இல் வாயுக்களின் பருமனை அளந்து, இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவி தருகின்றன என்றார். ஒரு பங்கு ஆக்சிஜன் எப்படி இரண்டு பங்கு நீராவிக்குள் போய் உட்காரும்? ஆக்சிஜன் துகள் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்தால்தான் முடியும். 1811இல் அவோகாட்ரோ சொன்னது அதைத்தான்: சம பருமனில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள், ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். அது எல்லோரிடமும் போய்ச் சேர 1860 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கனிசாரோ அதை மீண்டும் எடுத்துச் சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். பெரிய அறிவாளிகளுக்கே ஐம்பது வருடம் பிடித்த விஷயத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு வாரம் தடுமாறினால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, வாய்பாட்டைச் சரியாக எழுத என்ன வேண்டும்? மூன்று விஷயம் மனப்பாடமாக இருக்க வேண்டும். மனப்பாடம் என்ற சொல்லுக்குத் தயங்க வேண்டாம். இது பெருக்கல் வாய்ப்பாடு தெரியாமல் கணக்குப் போட முடியாது என்பது போன்றது. ஒன்று, இரட்டை அணுவாக இருக்கும் ஏழு தனிமங்கள்: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின். இவை தனியாக வரும்போது மட்டும்தான் இரட்டை. சேர்மத்துக்குள் போய்விட்டால் அங்குள்ள தேவைக்கு ஏற்ற எண்ணிக்கை. இரண்டு, தனிமங்களின் இணைதிறன், அதாவது ஓர் அணு மற்ற அணுக்களோடு சேரும் திறனைக் காட்டும் எண். அலுமினியம் 3, ஆக்சிஜன் 2. குறுக்காக மாற்றிப் போட்டால் அலுமினியம் 2, ஆக்சிஜன் 3. மெக்னீசியம் 2, ஆக்சிஜன் 2. குறுக்காகப் போட்டால் 2, 2 வரும், அதைச் சுருக்கி 1, 1 ஆக்க வேண்டும். சுருக்க மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. இரும்பு, தாமிரம் போன்றவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இணைதிறன் உண்டு. பெரஸ், ஃபெரிக் என்று பெயரே அதைச் சொல்லிவிடும். மூன்று, கூட்டமாகவே நடமாடும் அயனிகள், அதாவது மின்சுமை உள்ள அணுக்கூட்டங்கள்: நைட்ரேட், ஹைட்ராக்சைடு, பைகார்பனேட், அம்மோனியம் இவற்றுக்கு 1, சல்பேட், கார்பனேட் 2, பாஸ்பேட் 3.

எழுத்தின் அளவையும் கவனிக்கச் சொல்லுங்கள். கோபால்ட்டின் குறியீட்டில் இரண்டாவது எழுத்து சிறியது. அதையும் பெரிதாக எழுதினால் கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். அடைப்புக்குறியும் அப்படித்தான். கால்சியம் ஹைட்ராக்சைடில் ஹைட்ராக்சைடு முழுவதும் இரண்டு தடவை. அடைப்பை விட்டுவிட்டால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகி, ஆக்சிஜன் ஒன்றாகவே நின்றுவிடும்.

இனி எண்ணைத் தொடலாம். எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் இங்கே உண்மையான திறமை. இடது பக்கம் ஒரே ஒரு பொருளிலும் வலது பக்கம் ஒரே ஒரு பொருளிலும் வரும் தனிமத்தை முதலில் பிடிக்க வேண்டும். பல பொருள்களில் சிதறிக் கிடக்கும் தனிமத்தைப் பின்னால் தள்ள வேண்டும். தனியாக, தனிமமாகவே நிற்கும் பொருளைக் கடைசிக்கு விட வேண்டும். அதன் எண்ணை எவ்வளவு மாற்றினாலும் வேறு எதுவும் கலையாது, அதனால் கடைசி.

புரோப்பேன் எரிவதைப் பாருங்கள். ஒரு மூலக்கூறில் கார்பன் 3, ஹைட்ரஜன் 8. கார்பன் 3 என்பதால் கார்பன் டைஆக்சைடு 3. ஹைட்ரஜன் 8 என்பதால் நீர் 4. இப்போது வலது பக்கம் ஆக்சிஜன் அணு 6-உம் 4-உம், ஆக 10. ஆக்சிஜன் மூலக்கூறு 5.

1 புரோப்பேன் + 5 ஆக்சிஜன் → 3 கார்பன் டைஆக்சைடு + 4 நீர்

ஒரு தடவைகூட அழிக்க வேண்டி வரவில்லை. அடுத்து பியூட்டேன்: கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பன் டைஆக்சைடு 4, நீர் 5, ஆக்சிஜன் அணு 8-உம் 5-உம் 13. மூலக்கூறு ஆறரை வேண்டும். இந்த இடத்தில் பயந்து எல்லாவற்றையும் அழிக்கிறார்கள். அழிக்க வேண்டாம். ஆறரை என்றே எழுதிவிட்டு, மொத்த வரியையும் இரண்டால் பெருக்கினால் முடிந்தது: 2, 13, 8, 10. இடையில் பின்னம் வருவது தவறல்ல; கடைசியில் முழு எண்ணாக்கினால் போதும்.

கூட்டமாக நடமாடும் அயனி இருபுறமும் உடையாமல் இருந்தால் அதை ஒரே துண்டாக எண்ணலாம். அலுமினியம் நீர்த்த சல்பியூரிக் அமிலத்தில் கரையும்போது அலுமினியம் சல்பேட்டும் ஹைட்ரஜனும் வருகின்றன. சல்பேட் வலது பக்கம் 3, ஆகவே அமிலம் 3. அலுமினியம் 2. மூன்று அமிலத்தில் ஹைட்ரஜன் அணு 6, ஆகவே ஹைட்ரஜன் மூலக்கூறு 3. கந்தகத்தையும் ஆக்சிஜனையும் தனித்தனியாக எண்ணியிருந்தால் 12 ஆக்சிஜனோடு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். சோடியத்தை நீரில் போடும் வினையில், நீரையே ஹைட்ரஜன் ஒன்று, ஹைட்ராக்சைடு ஒன்று என்று பிரித்துப் பார்த்தால் 2 சோடியம், 2 நீர், 2 சோடியம் ஹைட்ராக்சைடு, 1 ஹைட்ரஜன் என்பது கண்ணிலேயே தெரியும்.

கூட்டம் உடைந்தால் இந்த வழி உதவாது. லெட் நைட்ரேட்டைச் சூடாக்கினால் செம்பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடு வாயு வரும். லெட் ஆக்சைடும் ஆக்சிஜனும் உடன் வரும். வலது பக்கம் நைட்ரேட் என்று ஒன்றே இல்லை. அங்கே அணு அணுவாகத்தான் எண்ண வேண்டும். விடை: லெட் நைட்ரேட் 2, லெட் ஆக்சைடு 2, நைட்ரஜன் டைஆக்சைடு 4, ஆக்சிஜன் 1.

எனக்கு மிகவும் பிடித்த சமன்பாடு இரும்பு பைரைட்டை வறுப்பது. பைரைட்டில் இரும்பு 1, கந்தகம் 2. ஆக்சிஜனோடு சேர்ந்து ஃபெரிக் ஆக்சைடும் (இரும்பு 2, ஆக்சிஜன் 3) சல்பர் டைஆக்சைடும் தருகிறது. போட்டுப் போட்டுப் பார்க்கும் பிள்ளை இதில் அரை மணி நேரம் தொலைத்துவிடும். ஆனால் ஒரு நிமிடம் யோசித்தால் போதும். இடது பக்கம் ஆக்சிஜன் எப்போதும் இரட்டைப்படை. சல்பர் டைஆக்சைடிலும் எத்தனை எடுத்தாலும் இரட்டைப்படை. ஒற்றைப்படையைக் கொண்டுவருவது ஃபெரிக் ஆக்சைடின் அந்த 3 மட்டும்தான். அப்படியானால் அதற்கு முன்னால் இரட்டை எண்தான் நிற்க முடியும். 2 போடுவோம். இரும்பு 4, ஆகவே பைரைட் 4. கந்தகம் 8, ஆகவே சல்பர் டைஆக்சைடு 8. ஆக்சிஜன் அணு 6-உம் 16-உம் 22, ஆகவே ஆக்சிஜன் 11.

4 பைரைட் + 11 ஆக்சிஜன் → 2 ஃபெரிக் ஆக்சைடு + 8 சல்பர் டைஆக்சைடு

11 என்ற எண்ணை யாரும் குருட்டாம்போக்கில் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒற்றைப்படை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடும் பழக்கம் வந்துவிட்டால் இந்த வகைச் சமன்பாடுகள் எல்லாமே இளகிவிடும்.

கெழுக்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் இயற்கணிதச் சமன்பாடு எழுதித் தீர்க்கும் முறையும் உண்டு. பெரும்பாலும் விடை தரும். ஆனாலும் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிக்கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. அணுக்களை எண்ணும் பழக்கம் வராமலே விடை வந்துவிடும். வினையைப் பார்க்காமல் எண்களை மட்டும் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

அப்புறம், அணுக்கள் சமன் ஆனால் மட்டும் போதாத இடங்களும் இருக்கின்றன. வெள்ளி அயனி உள்ள கரைசலில் தாமிரத் துண்டைப் போட்டால் தாமிரம் அயனியாகிறது, வெள்ளி உலோகமாகப் படிகிறது. ஒரு தாமிரம், ஒரு வெள்ளி அயனி. வலது பக்கம் ஒரு தாமிர அயனி, ஒரு வெள்ளி. அணுக்கள் சரி. ஆனால் இடது பக்கம் மின்சுமை கூட்டல் 1, வலது பக்கம் கூட்டல் 2. வெள்ளிக்கு இருபுறமும் 2 போட்டால்தான் மின்சுமையும் சமன் ஆகும். அயனிச் சமன்பாடு என்றால் மின்சுமையையும் கூட்டிப் பார்த்தே தீர வேண்டும்.

தாமிரமும் நீர்த்த நைட்ரிக் அமிலமும் வினைபுரிவது பலருக்குச் சிம்ம சொப்பனம். காரணம் எளிது: அமிலத்தில் உள்ள நைட்ரஜன் இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒரு பகுதி நைட்ரேட்டாகவே தாமிரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு பகுதி நைட்ரிக் ஆக்சைடு வாயுவாகப் போகிறது. இங்கே எலக்ட்ரானை எண்ணுவது நல்லது. ஒரு தாமிர அணு 2 எலக்ட்ரான் இழக்கிறது. வாயுவாகும் ஒரு நைட்ரஜன் 3 எலக்ட்ரான் ஏற்கிறது. இழந்ததும் ஏற்றதும் சமமாக வேண்டுமானால் தாமிரம் 3, நைட்ரிக் ஆக்சைடு 2. மூன்று தாமிரத்தோடு போக 6 நைட்ரேட், வாயுவுக்கு 2, ஆக அமிலம் 8. அதில் ஹைட்ரஜன் 8, ஆகவே நீர் 4.

3 தாமிரம் + 8 நைட்ரிக் அமிலம் → 3 தாமிர நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

அடர் அமிலமானால் நைட்ரஜன் டைஆக்சைடு வரும். எண்கள் 1, 4, 1, 2, 2 என்று மாறும். இரண்டும் அழகாகச் சமன் ஆகின்றன. எது நடக்கும் என்று சமன்பாடு சொல்லாது, சோதனைக்குழாய்தான் சொல்லும்.

இதைவிடக் கூர்மையான ஓர் உதாரணம் மேல்நிலை வகுப்பில் வரும். பொட்டாசியம் பெர்மாங்கனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு, சல்பியூரிக் அமிலம் சேர்ந்து பொட்டாசியம் சல்பேட், மாங்கனீசு சல்பேட், நீர், ஆக்சிஜன் தருகின்றன. முறையே 2, 5, 3 → 1, 2, 8, 5 என்பது சரியான விடை. ஆனால் 2, 1, 3 → 1, 2, 4, 3 என்றும் போட்டுப் பாருங்கள், ஒவ்வோர் அணுவும் சமன் ஆகும்! இரண்டாவது ஏன் தவறு? வெளிவரும் ஆக்சிஜன் வாயு பெராக்சைடிலிருந்து வருவது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் 2 எலக்ட்ரான் கொடுத்து ஓர் ஆக்சிஜன் மூலக்கூறாகிறது. இரண்டு மாங்கனீசுக்கு 10 எலக்ட்ரான் வேண்டும். ஆகவே பெராக்சைடு 5, ஆக்சிஜன் 5. எண்ணை மட்டும் நம்பினால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இயற்கணித முறை திணறும் இடமும் இதுதான்.

பொருள் திண்மமா, திரவமா, வாயுவா, நீர்க்கரைசலா என்று பக்கத்தில் அடைப்பில் குறிப்பதும், சூடாக்கினால் அம்புக்குறிக்கு மேல் அதைக் காட்டுவதும் எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை. கடைசியில் கெழுக்கள் எல்லாவற்றுக்கும் பொதுக் காரணி இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்க்கட்டும். 4, 2, 4 என்று வந்தால் 2, 1, 2 ஆக்கிவிட வேண்டும்.

உங்கள் மகளிடம் மூன்று வினைகளைக் கொடுத்துப் பாருங்கள். பெயரை மட்டும் சொல்லுங்கள், வாய்பாட்டை அவளே எழுதட்டும். வாய்பாடு சரியா என்று பார்த்த பிறகே எண் போடச் சொல்லுங்கள்.

முதலாவது, இரும்பும் நீராவியும் சேர்ந்து இரும்பு 3, ஆக்சிஜன் 4 உள்ள ஆக்சைடும் ஹைட்ரஜனும் தருவது. இதில் ஆக்சைடிலிருந்து தொடங்கினால் 3, 4, 1, 4 என்று நேராக வந்துவிடும். இரண்டாவது, கால்சியம் ஹைட்ராக்சைடும் பாஸ்பாரிக் அமிலமும் கால்சியம் பாஸ்பேட்டும் நீரும் ஆவது: 3, 2, 1, 6. பாஸ்பேட்டை ஒரே துண்டாக எண்ணுகிறாளா என்று பாருங்கள். மூன்றாவது, அம்மோனியாவும் ஆக்சிஜனும் நைட்ரிக் ஆக்சைடும் நீரும் ஆவது. இதில் இடையில் இரண்டரை என்று ஓர் எண் வரும். அழிப்பானை எடுக்காமல் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி 4, 5, 4, 6 என்று எழுதினாள் என்றால், அடுத்த பாடத்துக்குப் போகலாம்.